சாதாரண மனிதனும் இணையத்தளமும்



சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு காலைப்பொழுதில், நான் அதிபராகக் கடமையாற்றும் பாடசாலையின் அலுவலகத்துக்கு ஒரு தாய் தம் சிறு மகனைக் கையிற் பிடித்தபடி வந்து சேர்ந்தார். இரண்டு பேருந்துகள் மாறி வந்த களைப்பு அவர் முகத்திலே தெரிந்தது. முதலாம் தரத்துக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும் நேர்முகத்துக்கு வந்திருப்பதாகச் சொன்னார். நேர்முகமோ பத்து நாட்களுக்கு முன்னரே நடந்து முடிந்துவிட்டது. அதனை நான் கூறியதும் அவர் திகைத்துப்போய்த் தம் கைத்தொலைபேசியை எடுத்து என்முன் நீட்டினார். அதிலே எங்கள் பாடசாலையின் இணையத்தளம் தெரிந்தது. நேர்முகத்துக்கென அங்கே குறிக்கப்பட்டிருந்த திகதி அன்றைய திகதியேதான். ஆனால் அது மூன்று ஆண்டுகளுக்கு முந்திய அறிவித்தல். ஆண்டு குறிக்கப்படாதிருந்தமையால் அதனை இவ்வாண்டுக்குரியதென்றே அவர் நம்பிவிட்டார். அறிவித்தலுக்கு மேலே, எனக்கு முன்பிருந்த அதிபரின் படமும் அவருடைய வாழ்த்துச் செய்தியும் இன்னும் அப்படியே இருந்தன.

மேன்முறையீட்டின் வழியாக அப்பிள்ளைக்குப் பின்னர் இடம் கிடைத்தது. ஆயினும் அன்று அந்தத் தாய் கேட்ட கேள்வியை நான் மறந்தேனில்லை. “சேர், இது உங்கட பள்ளிக்கூடத்தின்ர பக்கம்தானே? நீங்களே இதை மாத்தேலாதோ?” என்று அவர் கேட்டார்.

எங்கள் பாடசாலையின் பக்கந்தான். ஆனால் அதனை மாற்ற எங்களுள் எவராலும் இயலவில்லை. இன்றைய எனது பேச்சு அந்தத் தாயின் கேள்வியைப் பற்றியதே. கணினித் தொழில்நுட்பத்தைப் பயிலாத ஒருவர், தம்முடைய இணையத்தளத்தைத் தாமே அமைக்கவும் தாமே திருத்தவும் உதவும் கருவிகள் எவ்வாறு தோன்றின, எவ்வளவு தூரம் வந்துள்ளன, இன்னும் எங்கே குறைபட்டு நிற்கின்றன என்பவற்றைக் கலைப்பட்டதாரியாகிய நான், எனக்கு விளங்கிய அளவில், உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

அந்தத் தளத்தை அமைத்துத் தந்தவர் எங்கள் பழைய மாணவர் ஒருவர். இரவு பகலாக உழைத்து, கைம்மாறு எதுவும் கருதாது, அன்பினாற் செய்து தந்தார். பின்னர் மேற்படிப்புக்காக வெளிநாடு சென்றுவிட்டார். அவருடைய முகவரியைத் தேடிப்பிடித்து எழுதினேன். அவரும் மிகுந்த பணிவோடு மறுமொழி அனுப்பினார், கடவுச்சொல்லை அனுப்பினார், தளத்தைத் திருத்தும் முறையை விளக்கி மூன்று பக்கக் குறிப்பும் அனுப்பினார். அந்த மூன்று பக்கங்களையும் நான் மூன்று முறை வாசித்தேன். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே விளங்கியது. வசனம் ஒன்றுகூட விளங்கவில்லை. சாவி கைக்கு வந்துவிட்டது. பூட்டு எங்கே இருக்கின்றதென்று தெரியவில்லை.

அந்தக் குறிப்பிலே அப்படி என்னதான் இருந்தது? இணையத்தளம் என்பது அடிப்படையிற் சில கோப்புகளின் தொகுதியே. ஒரு வரி தலைப்பாகத் தோன்ற வேண்டுமாயின், அதன் முன்னும் பின்னும் கோண அடைப்புக்குறிகளுக்குள்ளே அதற்குரிய அடையாளத்தை இடவேண்டும். பந்திக்கு ஓர் அடையாளம். படத்துக்கு ஓர் அடையாளம். இன்னொரு பக்கத்துக்கு வழிகாட்டும் இணைப்புக்கு வேறோர் அடையாளம். இதனை எச்.ரி.எம்.எல். என்று சொல்வர். இவ்வாறு எழுதிய கோப்பைச் சேவையகம் எனப்படும், இரவும் பகலும் விழித்திருக்கும் கணினி ஒன்றுக்கு அனுப்பிச் சரியான அறையிலே வைக்கவேண்டும். ஓர் அடையாளம் தவறினாற் பக்கம் முழுவதும் குலைந்துபோகலாம். இதனைக் கற்றுக்கொள்வது இயலாத காரியமென்று நான் கூறவில்லை. ஆனால் நேர்முகத் திகதியொன்றை மாற்ற விரும்பும் அதிபரோ, மீன் விலையை அறிவிக்க விரும்பும் கூட்டுறவுச் சங்கத்துச் செயலாளரோ, திருவிழா நிகழ்ச்சி நிரலை வெளியிட விரும்பும் கோயில் தருமகர்த்தாவோ இவ்வளவையும் கற்றே ஆகவேண்டும் என்பது நியாயமாகுமா?

இதிலே வியப்புக்குரிய செய்தியொன்று உண்டு. இந்த வலை தோன்றிய நாளிலேயே, அதனை வாசிப்பவர் எழுதவும் வேண்டும் என்ற எண்ணம் அதனுள் இருந்தது. ஜெனீவா நகருக்கு அண்மையில், சுவிற்சர்லாந்து பிரான்சு எல்லையில் அமைந்துள்ள சேர்ண் என்னும் அணு ஆராய்ச்சி நிலையத்தில் ரிம் பேர்ணர்ஸ்-லீ என்ற ஆங்கிலேயர் பணிபுரிந்தார். அவர் 1989 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இவ்வலைக்கான திட்டத்தை முன்வைத்தார். 1990 ஆம் ஆண்டின் இறுதியில் முதலாவது உலாவியையும் ஆக்கினார். உலாவி என்பது இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் மென்பொருள். அவர் ஆக்கிய உலாவியோ பக்கத்தைக் காட்டியதோடு நில்லாது, அந்தப் பக்கத்திலேயே எழுதவும் திருத்தவும் இடங்கொடுத்தது. கோண அடைப்புக்குறிகளை எழுதுவோர் காணவேண்டிய தேவையும் இருக்கவில்லை. வாசிக்கும் கண்ணாடியும் எழுதும் பேனாவும் ஒன்றாகவே பிறந்தன எனலாம்.

பின்னர் அந்தப் பேனா எங்கே போயிற்று? அவ்வுலாவி நெக்ஸ்ற் என்னும் ஒருவகைக் கணினியில் மாத்திரமே இயங்கியது. அக்கணினி சிலரிடமே இருந்தது. ஏனைய கணினிகளிலும் வலையை விரைந்து பரப்பவேண்டி, வாசிக்க மட்டும் உதவும் எளிய உலாவிகளைப் பலர் ஆக்கினர். 1993 ஆம் ஆண்டு ஏப்பிரல் 30 ஆம் திகதி சேர்ண் நிலையம் இவ்வலையின் நுட்பத்தை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாமெனப் பொதுவுடைமையாக்கியது. அதே ஆண்டில் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்திலிருந்து மொசேயிக் என்னும் உலாவி வெளிவந்தது. எழுத்தோடு படத்தையும் ஒரே பக்கத்திற் காட்டிய அவ்வுலாவியால் வலை உலகெங்கும் பரவியது. ஆனால் அதிலும் எழுதும் வசதி இல்லை. இவ்வாறு, எல்லோரும் வாசிக்க வந்தார்கள்; எழுதும் வேலை தொழில்நுட்பம் அறிந்த சிலரிடம் தங்கிவிட்டது. அதன்பின் வந்த முப்பது ஆண்டு முயற்சிகளையும், தவறவிட்ட அந்தப் பேனாவை மக்கள் கையில் மீண்டும் கொடுக்கும் முயற்சிகள் என்றே நான் கருதுகின்றேன்.

அவற்றுட் சிலவற்றை மட்டும் இங்கே குறிப்பிடலாம். 1994 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே ஜியோசிற்றீஸ் என்னும் நிறுவனம் தொடங்கியது. சொந்தமாகச் சேவையகம் இல்லாத சாதாரண மக்களுக்கு அது இலவசமாக இடங்கொடுத்தது. தம் தோட்டத்தைப் பற்றியும், தாம் வளர்த்த பூனையைப் பற்றியும், தம் ஊரின் வரலாற்றைப் பற்றியும் இலட்சக்கணக்கானோர் அங்கே பக்கங்களை அமைத்தனர். 1995 ஆம் ஆண்டில் புறொன்ற்பேஜ் என்னும் மென்பொருள் வந்தது. அடுத்த ஆண்டே மைக்ரோசொவ்ற் நிறுவனம் அதனை ஆக்கிய நிறுவனத்தை வாங்கிக்கொண்டது. கடிதம் எழுதுவதுபோற் பக்கத்தை எழுதினால், வேண்டிய அடையாளங்களை அம்மென்பொருளே பின்னால் எழுதிக்கொள்ளும்.

அதே 1995 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் உவோட் கனிங்ஹாம் என்பவர் விக்கி என்னும் முறையை வெளியிட்டார். ஹவாய் மொழியில் விக்கி என்றால் விரைவு என்பது பொருள். ஹொனலூலு விமான நிலையத்திற் பயணிகளை ஏற்றிச் செல்லும் பேருந்துக்கு வழங்கிய பெயரை நினைவுகூர்ந்தே அவர் இப்பெயரை இட்டார். பக்கத்தின் ஓரத்தில் ஒரு பொத்தான். அதனை அழுத்தினால் அப்பக்கத்தை எவரும் திருத்தலாம். 2001 ஆம் ஆண்டில் விக்கிப்பீடியா தோன்றியதும், 2003 ஆம் ஆண்டில் அதன் தமிழ்ப் பதிப்பு தோன்றியதும் இம்முறையாலேயே. நம் நாட்டுத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் 2005 ஆம் ஆண்டு முதல் இணையத்திற் சேர்த்துக் காத்துவரும் நூலகம் என்னும் எண்ணிம நூலகமும் விக்கி மென்பொருளின்மீதே எழுப்பப்பட்டது.

1999 ஆம் ஆண்டில் பிளொகர் வந்தது. ஒரு பெட்டிக்குள் எழுதிப் பொத்தானை அழுத்தினால் எழுத்து உலகுக்குத் தெரியும் என்ற நிலையை அது உண்டாக்கியது. தமிழில் வலைப்பதிவுகள் 2003 ஆம் ஆண்டளவிலிருந்து பெருகியமைக்கு இத்தகைய கருவிகளே காரணம். அந்த 2003 ஆம் ஆண்டு மே மாதத்திலேயே வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருள் வெளிவந்தது. எவரும் விலையின்றிப் பெற்று, விரும்பியவாறு மாற்றிப் பயன்படுத்தலாம் என்பது அதன் நியதி. இன்று உலகின் இணையத்தளங்களிற் பத்தில் நான்குக்கு மேற்பட்டவை அதனைக்கொண்டே இயங்குவதாகக் கணிப்பர். 2018 ஆம் ஆண்டு டிசம்பரில் அதன் எழுதும் முறை மாற்றப்பட்டது. பந்தி, படம், தலைப்பு என்பவற்றைத் தனித்தனிக் கட்டைகளாக எடுத்து அடுக்கும் அம்முறைக்கு, ஐரோப்பாவில் அச்சுக்கலையை வளர்த்த குட்டன்பேர்க்கின் பெயரையே சூட்டினர். அச்செழுத்துகளைக் கோத்துப் பக்கம் அமைத்த அச்சுக்கோப்பாளர்களை அறிந்தவர்கள் இப்பெயரின் பொருத்தத்தை உணர்வார்கள்.

இவ்வளவு கருவிகள் இருக்க, இனிக் குறை என்ன என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு எங்கள் பாடசாலையில் நடந்ததைச் சொன்னால் விளங்கும்.

பழைய தளத்தை விட்டுவிட்டு, எளிய கருவியொன்றைக் கொண்டு புதியதொரு தளத்தை நாங்களே அமைப்பதென்று தீர்மானித்தோம். தகவல் தொழில்நுட்ப ஆசிரியரிடம் அதனை ஒப்படைக்கலாமே என்று சிலர் கூறினர். அதனை நான் வேண்டுமென்றே தவிர்த்தேன். அவருக்கு இடமாற்றம் வந்தால் மீண்டும் பழைய நிலையே ஏற்படும். ஆதலின் அலுவலக இலிகிதர், நூலகப் பொறுப்பாசிரியை, உயர்தரக் கலைப்பிரிவு மாணவி ஒருவர், நான் ஆகிய நால்வரும் மூன்று பின்னேரங்கள் கணினியின் முன் அமர்ந்தோம்.

முதலிற் சொற்களே எங்களைத் தடுத்தன. புதிதாக எழுதும் அறிவித்தலை அக்கருவி ‘போஸ்ற்’ என்று குறித்தது. எங்கள் இலிகிதர் முப்பது ஆண்டுகளாகத் தபாற் பதிவேட்டைப் பேணியவர். அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, “ஐயா, இதை ஆருக்கு அனுப்பிறது?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். பிறகு யோசித்துப் பார்த்தபோது, பிழை அவரிடம் இல்லை என்பது எனக்குப் புலனாயிற்று. கருவியை ஆக்கியவர் தமக்குப் பழகிய சொல்லை இட்டார். அதனைக் கையாளப் போகிறவருடைய வாழ்வில் அச்சொல் என்ன பொருள் தரும் என்று எண்ணிப் பார்க்கவில்லை. அன்று மாலையே ஒரு தாளில் இருபது சொற்களுக்குத் தமிழிலே விளக்கம் எழுதிக் கணினிக்குப் பக்கத்திற் சுவரில் ஒட்டினோம். அந்த ஒரு தாள் செய்த உதவியை எந்தப் பயிற்சிப் பட்டறையும் எங்களுக்குச் செய்யவில்லை.

இரண்டாம் நாள் இலிகிதர் ஏதோவொன்றை அழுத்த, பக்கத்தில் இருந்தது யாவும் மறைந்துவிட்டது. அவர் முகம் வெளிறிப்போயிற்று. “இனி நான் இதைத் தொடமாட்டன்” என்று எழுந்துவிட்டார். அம்மாணவி, பழைய பிரதிகள் என்னும் பகுதியைத் திறந்து, பத்து நிமிடத்துக்கு முந்திய பக்கத்தை அப்படியே மீட்டுக் கொடுத்தார். அதன்பின் இலிகிதரின் அச்சம் நீங்கிற்று. இன்று எங்கள் நால்வரிலும் அதிகமாக எழுதுபவர் அவரே. கற்காதவரைத் தடுப்பது அறியாமை என்றே நாம் நினைக்கின்றோம். பெரும்பாலும் அவரைத் தடுப்பது, கெடுத்துவிடுவேனோ என்னும் பயம். விக்கி முறை வென்றதற்கும் இதுவே காரணம். பிழை செய்தாலும் பழைய பிரதி அழிவதில்லை என்பதனால் எவரும் துணிந்து கை வைத்தார்கள். சிலேற்றிலே எழுதிப் பழகிய தலைமுறையினர் இதனை நன்கு அறிவர். அழிக்கலாம் என்பதனாலேயே பிள்ளை துணிந்து எழுதிற்று.

மூன்றாம் தடை எங்கள் மொழியின் எழுத்துப் பற்றியது. இலங்கையில் நாம் பல்லாண்டுகளாகப் பாமினி என்னும் எழுத்துருவிலே தட்டச்சுச் செய்து பழகியவர்கள். அச்சிடும் தாளில் அது அழகாகவே இருக்கும். ஆனால் பாமினி இல்லாத கணினியில் அதனைத் திறந்தால், தமிழ் என்ற சொல் இருக்கவேண்டிய இடத்தில் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நிற்கும். ஏனெனில் கணினி உள்ளே சேமித்து வைத்திருப்பது அந்த ஆங்கில எழுத்துகளையே. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வேடம் அணிவித்திருக்கிறது. ஒருங்குறி என்னும் உலகப் பொது முறையிலே தமிழுக்கு 1991 ஆம் ஆண்டிலேயே இடம் கிடைத்துவிட்டது. விண்டோஸ் 2000 முதலான மென்பொருட்கள் அதனைக் காட்டவும் வல்லனவாயின. இருந்தும், அலுவலகங்களில் இருந்த பழைய கோப்புகளும் பழகிய விரல்களும் பாமினியை எளிதில் விடவில்லை. ஆதலின் அறிவித்தலைப் பாமினியிற் தட்டச்சுச் செய்து, அச்சிட்டுப் படம் பிடித்து, அப்படத்தை இணையத்தில் இடும் வழக்கம் நம்மிடையே உண்டாயிற்று. நாங்களும் முதலில் அவ்வாறே செய்தோம்.

அதன் தீமையை எங்களுக்கு உணர்த்தியவர் விழிப்புலன் இழந்த பழைய மாணவர் ஒருவர். அவர் கைத்தொலைபேசி வாசித்துச் சொல்லும் குரலைக் கேட்டே யாவற்றையும் அறிந்துகொள்பவர். புதிய தளத்தைப் பார்த்தீர்களா என்று பெருமையோடு அவரைக் கேட்டேன். “கேட்டேன் சேர். ஒவ்வோர் அறிவித்தலிலும் படம், படம் என்று மட்டுந்தான் அது சொல்லுது” என்றார். நான் தலைகுனிந்தேன். அன்றே அறிவித்தல்களை ஒருங்குறியிலே திரும்ப எழுதத் தொடங்கினோம். ஒவ்வொரு படத்துக்கும் அதிலே என்ன இருக்கின்றது என்பதை ஒரு வரியில் எழுதிச் சேர்த்தோம். அவ்வாறு எழுதுவதற்கென ஒரு சிறு பெட்டி அக்கருவியில் முதல் நாளிலிருந்தே இருந்திருக்கின்றது. அதன் பயன் இன்னதென்று எங்களுக்குத்தான் விளங்கவில்லை.

இத்துறையில் உலகப் பொது நெறியும் உண்டு. பேர்ணர்ஸ்-லீ 1994 ஆம் ஆண்டில் நிறுவிய உலகளாவிய வலைச் சேர்த்தியம், இணையப் பக்கங்களை ஆக்கும் கருவிகளுக்கென ஒரு நெறிமுறையை 2000 ஆம் ஆண்டில் வெளியிட்டது. 2015 ஆம் ஆண்டில் அதனைத் திருத்தி இரண்டாம் பதிப்பாக வெளியிட்டது. அதன் சாரம் இரண்டு. உடற்குறை உள்ளவரும் அக்கருவியைக் கொண்டு எழுதக்கூடியதாக இருக்கவேண்டும். எழுதுபவர் எவராயினும், அவர் ஆக்கும் பக்கம் யாவரும் அணுகத்தக்கதாக அமைவதற்கு அக்கருவி துணைசெய்ய வேண்டும். சொல்வது எளிது, செய்வது அரிது. நான் முன்பு குறிப்பிட்ட வேர்ட்பிரஸ் கட்டைமுறை 2018 ஆம் ஆண்டில் உருவாகிக்கொண்டிருந்தபோது, விழிப்புலனற்றோருக்கும் விசைப்பலகையை மட்டும் நம்பியிருப்போருக்கும் அது தடையாக இருக்குமென்ற கவலை எழுந்தது. அணுகத்தகு நிலையைக் கவனித்த குழுவின் தலைவியே அவ்வாண்டு ஒக்ரோபரில் அப்பொறுப்பிலிருந்து விலகினார். கண்ணுடையவருக்கு எளிதாக்கிய ஒன்று, கண்ணில்லாதவருக்கு அரிதாகிவிடக்கூடும். யாருக்கு எளிது என்று கேளாமல் எளிமையைப் பற்றிப் பேசுவதிற் பயனில்லை.

கருவியை மனிதனுக்கேற்ப வளைத்த முன்மாதிரியை நாம் வெளிநாட்டிலே தேடவேண்டியதில்லை. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886 ஆம் ஆண்டிற் பிறந்து, சிங்கப்பூர் சென்று பணியாற்றியவர் இராமலிங்கம் முத்தையா. ஆங்கிலத் தட்டச்சுப் பொறியை நாள்தோறும் கண்ட அவர், தமிழுக்கும் அத்தகைய பொறி வேண்டுமென்று முனைந்தார். தமிழெழுத்துகளோ இருநூற்று நாற்பத்தேழு; பொறியிலே விசைகள் ஐம்பதுகூட இல்லை. எழுத்துகளைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று தமிழருக்கு அவர் உபதேசம் செய்யவில்லை. அழுத்தும்போது தாள் நகராத விசைகளை அமைத்து, மெய்யின் புள்ளி முதலிய குறிகள் உரிய எழுத்தோடு சேர்ந்து விழும்படி பொறியையே மாற்றினார். மொழி இருந்தபடி இருந்தது. இயந்திரம் இறங்கி வந்தது. இன்று கருவிகளை ஆக்கும் நம் இளைஞர்கள் அவரை நினைவில் வைத்துக்கொள்வார்களாக.

இனி ஒரு முக்கியமான செய்தி. எளிமைக்கு நாம் கொடுக்கும் விலை என்ன என்பதையும் கவனிக்கவேண்டும். ஜியோசிற்றீஸ் பற்றிச் சொன்னேன் அல்லவா? 1999 ஆம் ஆண்டில் யாகூ நிறுவனம் அதனை வாங்கியது. 2009 ஆம் ஆண்டு ஒக்ரோபரில் அதனை மூடிவிட்டது. இலட்சக்கணக்கானோரின் பக்கங்கள் நீங்கின. தன்னார்வலர் சிலர் விரைந்து செயற்பட்டுப் பிரதிகள் எடுத்தமையால் ஒரு பகுதி பிழைத்தது. தம் எழுத்தைத் தாமே எடுத்து வைக்க அறியாத சாதாரண மக்களே பெரிதும் இழந்தவர்கள். அதனால், வாடகை வீட்டிற் குடியிருப்பவர் வீட்டுக்காரரின் நிபந்தனையை அறிந்திருப்பதுபோல, இலவச இடத்தில் எழுதுபவரும் சிலவற்றை அறிந்திருத்தல் வேண்டும். நான் எழுதியது முழுவதையும் ஒரே கோப்பாக இறக்கி எடுத்துக்கொள்ளலாமா? வேறிடத்துக்குக் கொண்டுபோகலாமா? தளத்தின் பெயர் எவர் பெயரிற் பதிவாகியுள்ளது? இவற்றுக்கு நேரான விடை தராத கருவி எவ்வளவு எளிதாயினும் அதனை நம்பி ஒரு பாடசாலையின் ஆவணங்களை ஒப்படைத்தல் தகாது.

அண்மைக்காலத்தில் இன்னொரு வகைக் கருவியும் வந்துள்ளது. எனக்கு இத்தகைய தளம் வேண்டுமென்று வாயாற் சொன்னாலே, செயற்கை நுண்ணறிவு அதனை அமைத்துக் காட்டுகின்றது. வியக்கத்தக்க வசதிதான். ஆயினும் எங்கள் பழைய மாணவரும் அழகிய தளமொன்றை ஒரு முறை அமைத்துத் தந்தார் என்பதை நான் மறக்கவில்லை. அமைப்பது ஒரு நாள் வேலை. திருத்துவது ஒவ்வொரு நாளும் உள்ள வேலை. அமைத்துக் கொடுத்தது மனிதனாயினும் இயந்திரமாயினும், மறுநாள் காலையில் ஒரு திகதியை நானே மாற்ற இயலுமா என்பதே உரைகல்.

ஆகவே நேயர்களே, இத்தகைய கருவியொன்றைத் தேர்ந்தெடுக்குமுன் நான்கு கேள்விகளைக் கேட்டுப்பாருங்கள். பிழை செய்தால் மீளலாமா? என் மொழியில், எனக்கு விளங்கும் சொற்களில் அது பேசுமா? கண்ணில்லாதவரும் அதனாற் பயன்பெறுவாரா? நாளை நான் விலக நேர்ந்தால் என் எழுத்தை எடுத்துக்கொண்டு போகலாமா? நான்குக்கும் ஆம் என்று விடை கிடைத்தால், அழகு குறைவாயினும் அதனையே கொள்ளுங்கள்.

கருவி நன்றாயிருந்தாலும், அதனைப் பேணும் ஒழுங்கை நாமே அமைக்கவேண்டும். எங்கள் பாடசாலையில் மூன்று விதிகளை வகுத்தோம். ஆண்டு குறியாத அறிவித்தல் எதுவும் தளத்தில் ஏறலாகாது. திருத்தும் உரிமை எப்பொழுதும் இருவருக்குக் குறையாமல் இருக்கவேண்டும். கடவுச்சொற்கள் முத்திரையிட்ட உறையில் அலுவலகப் பெட்டகத்துள் இருக்கவேண்டும். அதிபர் இடமாற்றம் பெறும்போது பொருட்பதிவேட்டோடு அவ்வுறையையும் கையளித்து, சம்பவத் திரட்டுப் புத்தகத்திற் பதிவு செய்யவேண்டும். இவை தொழில்நுட்பம் அல்ல; பழைய கந்தோர் முறைகளே. ஆனால் இவை இல்லாமையாலேதான் அந்தத் தாய் இரண்டு பேருந்து மாறி வந்து ஏமாந்தார்.

சென்ற ஆண்டு முதலாம் தர நேர்முகம் மழையால் ஒரு நாள் பிற்போடப்பட்டது. காலை ஆறரை மணிக்கு எங்கள் இலிகிதர் தம் வீட்டிலிருந்தபடியே, கைத்தொலைபேசியிலே அந்தத் திகதியை மாற்றினார். நான் பாடசாலைக்கு வந்தபோது வாயிலில் எவரும் காத்திருக்கவில்லை. அந்த வெறும் வாயிலைக் கண்டபோது எனக்கு உண்டான நிறைவை எந்தப் பரிசளிப்பு விழாவிலும் நான் அடைந்ததில்லை.

“நீங்களே இதை மாத்தேலாதோ?” என்று கேட்ட தாய்க்கு, ஏலும் என்று இன்று என்னாற் சொல்ல முடிகின்றது. உங்கள் ஊர்ச் சங்கமும், உங்கள் வாசிகசாலையும், உங்கள் பிள்ளையின் பாடசாலையும் அவ்வாறே சொல்லக்கூடிய நிலை வரவேண்டும்.